மூடிய வால்வும் ஓடும் பம்பும்

சங்கங்களின் சொத்துப் பதிவேட்டைத் தணிக்கை செய்யுங்கால் நாம் பெரும்பாலும் காணும் ஓர் இனம், ‘மோட்டார் பம்புசெட் ஒன்று’ என்பதாகும். வாங்கிய நாள், விலை, தேய்மானம் ஆகிய மூன்றும் அதில் செம்மையாக எழுதப்பட்டிருக்கும். அதனை ஓட்டுபவர் யார், அவருக்கு அதை ஓட்டக் கற்பித்தவர் யார் என்னும் இரண்டும் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிரா. கேட்டால், “எல்லாருந்தான் ஓட்டுவோம்” என்று விடை வரும். இவ்விடையே இன்று நாம் எடுத்துக்கொண்ட பாடத்துக்குக் காரணமாகும்.

பெரும்பாக்கத்து அங்கத்தினர்க்குப் பம்பைப் பற்றி அறிமுகம் செய்யவேண்டுவதில்லை. ஏரியையும் கிணற்றையும் நம்பிய வயல்கள் குறைந்து வீடுகள் பெருகிய ஊர் இது. வயலில் எஞ்சிய கிணற்றுக்கும் பம்பு வேண்டும். எட்டடுக்குக் குடியிருப்பின் தரைத்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு நீர் ஏற்றவும் பம்பு வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்துத் தாழ்ந்து கிடக்கும் பூமியாதலின், பெருமழை பெய்தால் புகுந்த நீரை வெளியேற்றவும் அதுவே வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதி நீரில் நின்றது. அந்நாட்களில் பம்பைத் தொட்டறியாத கைகளும் பம்பை ஓட்டின. நெசவாளர் பக்கத்திலோ, சாயப்பட்டறையில் நீரேற்றவும் கழிவுநீரை மாற்றவும் பயன்படுவதும் இதே இயந்திரமே.

இவற்றுள் மிகப் பெரும்பாலானவை மையவிலக்குப் பம்புகள். இதன் தத்துவத்தை நெசவாளர் ஒருவருக்கு ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். நனைந்த சிட்டத்தைக் கையில் பிடித்து வேகமாகச் சுழற்றினால் நீர்த்துளிகள் வெளிப்புறமாகச் சிதறுகின்றன அல்லவா? பட்டறையில் ஈரம் பிழியும் சுழல் பாத்திரமும் அவ்வாறே வேலை செய்கிறது. பம்பின் இரும்பு உடலுக்குள் இம்பெல்லர் என்னும் சக்கரம் சுழல்கிறது. நடுவில் வந்த நீரை அது ஓரத்துக்கு எறிகிறது. எறியப்பட்ட நீர் வேகத்தை அழுத்தமாக மாற்றிக்கொண்டு மேற்குழாயில் ஏறுகிறது. நடுவில் உண்டாகும் குறைவழுத்தத்தை நிரப்பக் கீழ்க்குழாயிலிருந்து புதுநீர் வருகிறது. பிஸ்டனும் இல்லை, உள்ளே திறந்து மூடும் வால்வும் இல்லை. இந்த எளிமைதான் இதற்குப் பெருமை. அபாயமும் இதனுள்ளேதான் மறைந்திருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு பழங்கதை. சென்னைப் பொறியியற் கல்லூரியில் பேராசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்பார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், எண்ணெய் எஞ்சினையும் மையவிலக்குப் பம்பையும் பூட்டிக் கிணற்றுநீரை இறைக்கும் சோதனைகளை நடத்தினார். அவற்றுள் ஒன்று நம் செங்கற்பட்டுப் பக்கத்து மெல்ரோசாபுரம் பண்ணையில் நடந்தது. கயிறிழுத்தால் தானே ஓடும் நாடாவைக் கைத்தறியில் பரப்ப முயன்று, 1906இல் சேலத்தில் நெசவாலை ஒன்றைத் தொடங்கியவரும் அவரே. உழவரையும் நெசவாளரையும் ஒரே நினைவில் வைத்திருந்த அவரை இவ்விதழ் வாசகர் அறிந்திருத்தல் தகும் என்று தோன்றியதால் சொன்னோம். கவலையிலும் ஏற்றத்திலும் இறைத்தபோது தவறு நேர்ந்தால் மாடு நிற்கும், அல்லது மனிதன் களைப்பான். பம்போ நிற்பதுமில்லை, களைப்பதுமில்லை.

இனி, நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். ஊரும் சங்கமும் பெயரின்றி இருக்கட்டும். நாம் முன்பு பணியாற்றிய வட்டத்தில், ஒரு சாயப்பட்டறைக்கு ஐந்து குதிரைச் சக்திப் பம்பு ஒன்று இருந்தது. ஓரிரவு மின்சாரம் நின்றது. மேல்தொட்டி நிரம்பியிருப்பதைக் கண்ட காவலர், மீண்டும் மின்சாரம் வந்தால் நீர் வழிந்து வீணாகுமே என்று எண்ணி, மேற்குழாய் வால்வை இறுக மூடிவிட்டுச் சென்றார். அவருடைய எண்ணம் நல்ல எண்ணம். சங்கத்து நீரைக் காக்க நினைத்தவர் அவர். ஆனால் ஸ்டார்ட்டரில், மின்சாரம் வந்தவுடன் தானே ஓடச்செய்யும் ஆட்டோ சுவிட்சு போடப்பட்டிருந்தது. விடியுமுன் மின்சாரம் வந்தது. பம்பு ஓடத் தொடங்கியது. காலையில் வந்த ஓட்டுநர், பம்பு ஓடியும் தொட்டியில் நீர் விழாததைக் கண்டு, காற்று அடைத்திருக்கிறது என்று கருதினார். பம்பின் தலையிலுள்ள காற்றுத் திருகைத் திருகினார். வெளிவந்தது காற்றன்று, கொதிநீரும் நீராவியும். முழங்கையிலிருந்து விரல்வரை தோல் வெந்துபோயிற்று. இரண்டு மாதங்கள் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. கண்ணுக்குத் தப்பியது அவர் சற்றே விலகி நின்றதால்தான்.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து குதிரைச் சக்தி என்பது ஏறத்தாழ 3.7 கிலோவாட். வால்வு மூடியிருக்கையில் பம்பு முழுச் சக்தியை வாங்காது. பாதியளவு, அதாவது 2 கிலோவாட் வாங்குவதாகக் கொள்வோம். நீர் வெளியே போனால் அச்சக்தி நீரை உயர்த்துவதில் செலவாகும். நீர் நகராதபோது அது எங்கே செல்லும்? முழுவதும் வெப்பமாகி உள்ளிருக்கும் நீரிலேயே சேர்கிறது. உள்ளே இருப்பது மூன்று லிட்டர் நீர் என்க. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். இக்கணக்கின்படி 30 டிகிரி நீர் 100 டிகிரியை அடைய ஏழரை நிமிடம் போதும். இரும்பு உடலும் தன் பங்கு வெப்பத்தை வாங்குமாதலின் இன்னும் ஓர் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்வோம். ஆக, ஒருவர் தேநீர்க் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பம்பு ஒரு கொதிகலனாகிவிடும். மேலே வால்வு மூடியிருக்கிறது. கீழே புட்வால்வு நீரைத் திரும்பவிடாது. இரண்டு பக்கமும் அடைபட்ட நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதியாமல் அழுத்தத்தோடு நிற்கும். எங்கேனும் ஒரு திறப்புக் கிடைத்தால் நொடியில் ஆவியாகிப் பல நூறு மடங்கு விரியும். பெரிய தொழிற்சாலைகளில் இவ்வாறு பம்பின் இரும்பு உடலே வெடித்துச் சிதறியதுண்டு.

அங்கத்தினர் பலர் நம்மிடம் கேட்பது: “ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கிறதே, அது நிறுத்திவிடாதா?” நிறுத்தாது. ரிலே கவனிப்பது மிகைச் சுமையை. வால்வு மூடிய பம்பிலோ சுமை குறைகிறது; அம்மீட்டர் முள் தாழ்ந்து நிற்கிறது; மோட்டாரின் ஒலியும் மென்மையாகிறது. அதாவது, பம்பு மிக அபாயமான நிலையில் இருக்கும்போதே மிக நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்தாலும் இக்கட்டுரை எழுதியதற்குப் பயன் உண்டு என்போம்.

“அப்படியாயின் வால்வை மூடிவைத்துத் தொடங்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னாரே?” என்பது அடுத்த கேள்வி. அவர் சொன்னதும் உண்மையே. மையவிலக்குப் பம்பை வால்வு மூடித் தொடங்கினால் மோட்டாருக்குத் தொடக்கச் சுமை குறையும். ஆனால் அது தொடங்கும் நேரத்துக்கு உரிய விதி. மோட்டார் முழு வேகத்தை எட்டியதும், அழுத்தமானி ஏறி நின்றதும், வால்வை மெல்லத் திறந்துவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்குமேல் தாமதித்தல் ஆகாது. நிறுத்துங்கால், வால்வை மூடிய கை உடனே சுவிட்சுக்குச் செல்ல வேண்டும். வெள்ளநீரை வெளியேற்றும் அச்சுவழிப் பம்புகளுக்கும், பிஸ்டன் பம்புகளுக்கும் இவ்விதி பொருந்தாது என்பதும் கவனிக்கற்பாலது. அச்சுவழிப் பம்பு வால்வு மூடியபோதுதான் மிகுந்த சக்தியை வாங்கும். பிஸ்டன் பம்போ குழாயையே பிளந்துவிடும். வாடகைக்கு வரும் பம்பு எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்டறியாமல் தொடங்குதல் கூடாது.

சூடேறிய பம்பைக் கண்டால் செய்யவேண்டுவது யாது? சுவிட்சை அணைத்து, மெயினையும் பூட்டிவிட்டு விலகி நிற்பது. திருகைத் திறக்கலாகாது, வால்வையும் திறக்கலாகாது, கிளாண்டைத் தளர்த்தலாகாது. குளிர்ந்த நீரை மேலே ஊற்றுவதோ மிகப் பெரிய தவறு, ஏனெனில் வார்ப்பிரும்பு சூட்டில் குளிர்ச்சி பட்டால் வெடிக்கும். தானே ஆறட்டும். புறங்கை வைத்தால் பொறுக்கும் சூடாகும்வரை காத்திருப்பதால் சங்கத்துக்கு நேரும் நஷ்டம் அரைநாள் வேலையே. வருமுன் காக்கவும் வழியுண்டு. மேற்குழாயில், வால்வுக்கு முன்னதாக, ஒரு சிறு குழாயைக் கிளைப்பித்துக் கிணற்றுக்கோ தரைத்தொட்டிக்கோ திருப்பிவிட்டால், வால்வு மூடியிருந்தாலும் சிறிது நீர் ஓடிக்கொண்டே இருந்து சூட்டை எடுத்துச் செல்லும். அதனால் சிறிதளவு மின்சாரம் வீணாகத்தான் செய்யும். அந்த வீண் நமக்குச் சம்மதமே. சுமை குறைந்தால் நிறுத்தும் ரிலேயும் கடைகளில் கிடைக்கிறது. நீரின்றி வெறுமே ஓடும் பம்பையும் அது காக்கும்.

இனி ஆட்டோ சுவிட்சைப் பற்றி. மின்சாரம் எப்பொழுது வரும் என்று அறியாமல் இரவெல்லாம் விழித்திருந்த உழவனுக்கு அது பெரிய உதவியாக வந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. தன் கிணற்றில், தன் பம்பில், தனி ஒருவன் அதனைப் போட்டுக்கொள்வதில் அபாயம் குறைவு. வால்வை மூடியவனும் அவனே, சுவிட்சைப் போட்டவனும் அவனே. சங்கத்துப் பம்பின் நிலை வேறு. இங்கே ஒருவர் மூடுவார், மற்றொருவர் ஓட்டுவார், மூன்றாமவர் பழுது பார்ப்பார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரிவதற்கு வழியில்லை. பொதுச் சொத்து என்பதன் பலவீனம் வேறெங்கினும் இவ்வளவு கூர்மையாக வெளிப்படுவதை நாம் கண்டதில்லை. பழுது பார்ப்பதற்காகக் கப்ளிங்கில் கை வைத்திருப்பவருக்கு, மின்சாரம் வந்தது என்ற செய்தியை அந்தக் கப்ளிங்கே சொல்லும்படி விடலாமா?

ஆகவே சங்கத்துப் பம்பில் ஆட்டோ சுவிட்சு வேண்டாம் என்பது நம் முடிவு. ஸ்டார்ட்டர்ப் பெட்டிக்கு ஒரு பூட்டு, அப்பூட்டுக்கு ஒரே சாவி, அது யாரிடம் இருக்கிறது என்பதை எழுதும் ஒரு பலகை, இவை போதும். பழுது பார்ப்பவர் மெயின் சுவிட்சை அணைத்துத் தம் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தம் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தலைவரே வந்து கேட்டாலும், வேலை முடியுமுன் அச்சாவியைக் கொடுக்க வேண்டுவதில்லை.

சுழலும் பாகங்களைப் பற்றி நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டியது சிறிதே. இழை ஒன்று உருளையில் பற்றிக்கொண்டால் எவ்வளவு விரைவில் சுற்றிக்கொள்ளும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கப்ளிங் நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுழன்றால், நொடிக்கு ஏழரை மீட்டர்த் துணியைச் சுற்றவல்லது. ஆறு கஜச் சேலை முழுவதையும் உள்வாங்க அதற்கு ஒரு நொடிகூட வேண்டாம். தோளில் துண்டும், தொங்கவிட்ட முந்தானையும், தளர்ந்த வேட்டியும் பம்பு அறைக்குள் வருதல் கூடாது. கப்ளிங்கின்மேல் தகட்டு மூடி கட்டாயம் இருக்க வேண்டும். பல சங்கங்களில் அம்மூடி கழற்றப்பட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஓட்டுநர் பீடி புகைப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

உயிர்ச்சேதம் மிகுதியும் நேருவது மற்றோர் இடத்தில். பம்பு நீரை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அவ்வழுத்தம் 10.3 மீட்டர் நீர்த்தம்பத்துக்கு மேல் தாங்காது. உராய்வும் மற்றக் குறைகளும் போகக் கைக்குக் கிடைப்பது ஆறு, ஏழு மீட்டரே. கோடையில் கிணற்றுநீர் கீழே இறங்கினால், மேலே நிற்கும் எஞ்சின் பம்புக்கு நீர் எட்டாது. உடனே என்ன செய்கிறார்கள்? டீசல் எஞ்சினையே கயிறு கட்டிக் கிணற்றுக்குள் திட்டில் இறக்கிவிடுகிறார்கள். வெள்ளக் காலத்தில் கட்டடத்தின் நிலவறை நீரை இறைக்கப் பெட்ரோல் பம்பை நிலவறைப் படியிலேயே வைத்து ஓட்டுவதும் இதே வகையானது. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் கால் தளர்ந்துவிடும்.

கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நம் முன்னோருடையது; நல்ல வழக்கமே. பிராணவாயு இல்லாத இடத்தில் விளக்கு அணையும். ஆனால் எஞ்சின் புகை நிறைந்த கிணற்றில், மனிதனைக் கொல்லப் போதுமான நஞ்சு இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும். ஆதலின் விளக்கை நம்பி இறங்குதல் தகாது. கழிவுநீர்த் தொட்டியிலோ அழுகல் முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நினைப்பர். அவ்வாயு மிகுந்தால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கிய மூன்றாமவர் என்று ஒரே குடும்பத்தில் வரிசையாக உயிர் போன செய்திகளைத் தமிழ்நாட்டில் எல்லாரும் படித்திருக்கிறோம். எஞ்சின் எப்போதும் திறந்த வெளியில், தரைமேல் இருக்க வேண்டும். உள்ளே செல்வது குழாய் மட்டுமே. அதற்கு நீர் எட்டாவிட்டால் நீர்மூழ்கி மோட்டாரை அமர்த்திக்கொள்ள வேண்டும். யாரேனும் உள்ளே மயங்கி விழுந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, மேலிருந்தே காற்றைச் செலுத்துவதன்றி மற்றவர் இறங்கலாகாது. அண்ணன் தம்பியாயினும் இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துவதற்கு அவ்விடத்தில் வலிய மனம் படைத்த ஒருவர் வேண்டும்.

நீர்மூழ்கி மோட்டார் என்றதும் மின்சாரம் வந்துவிடுகிறது. நனைந்த தரை, வெறுங்கால், ஒட்டுப்போட்ட வயர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வேறு எதுவும் வேண்டியதில்லை. மோட்டார் உடலுக்கு எர்த்து இணைப்பும், 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்புச் சாதனமும் இருத்தல் வேண்டும். மோட்டாரை நகர்த்த வேண்டுமானால் அணைத்தபின் கயிற்றைப் பிடித்துத் தூக்குக. வயரைப் பிடித்துத் தூக்கற்க. நீர் தேங்கிய இடத்தில் மோட்டார் ஓடுகையில் அந்நீரில் யாரும் நிற்றலாகாது. வெள்ளத்தில் மூழ்கியிருந்த மோட்டாரை, நீர் வடிந்த அன்றே ஓட்டிப் பார்க்கும் ஆவல் பலருக்கு உண்டு. உலர்த்தி, மின்பணியாளர் மெக்கர் வைத்துச் சோதித்த பின்னரே ஓட்டுக. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போனால் மோட்டார் உறுமும். பியூஸில் தடித்த கம்பியைக் கட்டி அவ்வுறுமலை அடக்க முயல்வது மோட்டாரைச் சுடுகாட்டுக்கு அனுப்பும் வழி.

சாயப்பட்டறைக்கு மட்டும் ஒரு சொல். 80 டிகிரிச் சாயநீரை மேலிருந்து உறிஞ்சும்படி பம்பை அமைத்தால், உறிஞ்சும் குழாயிலேயே நீர் ஆவியாகிப் பம்பு கூழாங்கல்லை அரைப்பதுபோல் ஒலிக்கும். தொட்டியைவிடத் தாழ்வாகப் பம்பை வைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு புத்தகம். விலை அதிகமில்லாத நோட்டு ஒன்றைப் பம்பு அறையிலேயே ஆணியில் தொங்கவிடுக. ஓட்டத் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், அம்மீட்டர் காட்டிய அளவு, கிளாண்டில் நீர் சொட்டுச்சொட்டாக விழுகிறதா ஒழுகுகிறதா என்பது, வால்வு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது, ஓட்டியவர் கையொப்பம், இவ்வளவே அதில் எழுத வேண்டுவன. சொட்டு முற்றிலும் நின்றுபோனாலும் நன்றன்று. கிராபைட் கயிறு வெந்து தண்டைத் தின்னும். எழுதத் தெரியாத ஓட்டுநராயின் வால்வுச் சக்கரத்திலேயே சிவப்பு, பச்சை அட்டைகளைத் தொங்கவிடலாம். அக்காவலர் அன்றிரவு ஒரு சிவப்பு அட்டையை ஸ்டார்ட்டரில் மாட்டி, மெயினை அணைத்திருந்தால் போதுமாயிருந்தது. அடுத்த தணிக்கைக்கு வருங்கால், ரொக்கப் புத்தகத்துக்கு முன்னால் இந்நோட்டைத்தான் நாம் கேட்போம்.